வரும் பணத்துக்கு ரகசிய எண் எதற்கு?

நமது வணிகப் பெருமக்கள் சரக்கில் எளிதில் ஏமாறுவதில்லை. பருப்பைக் கையில் அள்ளியதுமே பழையதா, புதியதா என்று சொல்லிவிடுவோம். ஆனால் போனில் பேசுகிறவனை அப்படி அள்ளிப் பார்க்க முடிவதில்லை. இன்றைய மோசடிக்காரன் பூட்டை உடைப்பதில்லை. நமது அவசரத்தையும் பயத்தையும் பயன்படுத்தி, நம் கையாலேயே பணத்தை அனுப்ப வைக்கிறான்.

நாடெங்கும் நடக்கும் ஒரு முறையைப் பார்ப்போம். "ராணுவ முகாமிலிருந்து பேசுகிறேன், பத்து மூட்டை அரிசி வேண்டும்" என்பார் ஒருவர். பேரம் பேச மாட்டார். சீருடை அணிந்த படமும் அடையாள அட்டையும் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். சரக்கைக் கட்டி வைத்த பிறகு, "எங்கள் அலுவலக முறைப்படி, நான் அனுப்பும் கியூஆர் படத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள், பணம் வரும்" என்பார். போட்டால் பணம் வராது, போகும். யுபிஐயில் பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், ரகசிய எண்ணும் வேண்டாம். இந்த ஒன்றை நினைவில் வைத்தாலே பாதி மோசடி நம்மிடம் பலிக்காது.

மொத்த வியாபாரிகளுக்கு வலை வேறு. "மில்லின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடவும்" என்று லெட்டர்பேடு, முத்திரையுடன் செய்தி வரும். அதில் உள்ள எண்ணில் விசாரித்தால் மோசடிக்காரனே "ஆமாம்" என்பான். நம்மிடம் ஏற்கெனவே உள்ள பழைய எண்ணில் மில்லைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகே பணம் அனுப்ப வேண்டும்.

"உணவுப் பாதுகாப்பு உரிமம் ரத்தாகப் போகிறது, உடனே கட்டுங்கள்" என்ற மிரட்டலும் உண்டு. உரிமக் கட்டணத்தை யாருடைய சொந்த எண்ணுக்கும் அனுப்பக் கூடாது. துறையின் இணையதளத்தில் மட்டுமே செலுத்த வேண்டும்.

2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில், கடைகளின் கியூஆர் அட்டைகளை இரவோடு இரவாக மாற்றிவிட்டார்கள். வாடிக்கையாளர் கட்டிய பணம் வேறு கணக்குக்குப் போயிற்று. எனவே தினமும் கடை திறந்ததும் நமது அட்டையை ஸ்கேன் செய்து, நம் பெயர் வருகிறதா என்று பார்ப்பது நல்லது. "பணம் போட்டாச்சு" என்று வாடிக்கையாளர் காட்டும் படத்தை நம்பாமல், நமது கணக்கில் வரவைப் பார்த்த பின்பே சரக்கைக் கொடுக்க வேண்டும்.

நூற்றுக்கு 4 ரூபாய் லாபம் நிற்கும் கடையில் 10,000 ரூபாய் பறிபோனால், அதை ஈட்ட 2,50,000 ரூபாய்க்கு விற்றாக வேண்டும்.

மீறி ஏமாந்துவிட்டால், உடனே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்ய வேண்டும். வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் கைமாறிப் போகுமுன் சொன்னால்தான் அதை நிறுத்தி வைக்க வழியுண்டு. "வெளியில் தெரிந்தால் கௌரவக் குறைவு" என்று மறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரனுக்கே லாபம். அடுத்து அவன் பேசப் போவது பக்கத்துக் கடைக்காரரிடமாகவும் இருக்கலாம்.

கல்லாவில் உட்காரும் பிள்ளைகளுக்கும், கடைப் பணியாளர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.