இரண்டடித் தொட்டிக்கு எந்த மீன்?

மயிலாடுதுறைச் சந்தையில் ஜிலேபிக் கெண்டை வாங்கியவர்களுக்குச் சிக்லிட் குடும்பம் புதிதல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, 1952-ல் இந்தியாவுக்குள் நுழைந்த திலேப்பியா அது. தாய்மீன் முட்டைகளை வாய்க்குள் அடைகாக்கும். பொரித்த குஞ்சுகளும் ஆபத்து என்றால் அந்த வாய்க்குள்ளேயே ஓடி ஒளியும். சிக்லிட் வளர்ப்பின் சுவையே இந்தப் பிள்ளை வளர்ப்பைப் பார்ப்பதில்தான் இருக்கிறது. நிறத்துக்காக மட்டும் வாங்குகிறவர்களுக்கு அது கிடைக்காமலே போய்விடும்.

மீன் வாங்குமுன் முதலில் பார்க்கவேண்டியது அளவு. கடையில் இரண்டு அங்குலம் இருக்கிற ஆஸ்கார் சிக்லிட் ஓரடிக்கு மேல் வளரும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியை விளிம்புவரை நிரப்பினாலும் 56 லிட்டர்தான் பிடிக்கும். அதில் ஆஸ்காரை விடுவது கொடுமை. அடுத்தது தண்ணீர். மலாவி ஏரி மீன்களுக்குக் கடினமான காரநீர் வேண்டும். அமேசான் படுகையின் டிஸ்கஸுக்கு மென்மையான, சற்றே அமில நீர் வேண்டும். டெல்டாவின் கடலோர ஊர்களில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினமாகவும் லேசாகக் கரிப்பாகவும் இருக்கும். அந்தத் தண்ணீருக்கென்றே ஒரு மீன் இருக்கிறது: ஆரஞ்சு குரோமைட்.

இந்தியாவின் சொந்தச் சிக்லிட்கள் மூன்றே மூன்று. அவற்றில் இதுதான் சிறியது. சுமார் 8 சென்டிமீட்டர். தமிழகத்து உப்பங்கழிகள், கேரளத்துக் காயல்கள், இலங்கைக் களப்புகள் எல்லாம் இதன் வீடு. 1795-ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் பெர்லின் மருத்துவர் மார்கஸ் ப்ளோக். தரங்கம்பாடியிலிருந்து அவருக்கு மீன்கள் அனுப்பிய மதபோதகர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜானின் பெயர்தான், ஜானியஸ் என்று ஒரு கத்தாழை மீன் பேரினத்துக்கு இன்றும் நிலைத்திருக்கிறது.

ஆரஞ்சு குரோமைட்டின் நெருங்கிய உறவினர்கள் ஆப்பிரிக்காவில் இல்லை, மடகாஸ்கரில் இருக்கிறார்கள். இந்தியாவும் மடகாஸ்கரும் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தபோதே இந்த உறவும் பிரிந்ததா, மீன்கள் பிற்பாடு கடல் தாண்டினவா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஜோடி சேர்ந்ததும் ஆணும் பெண்ணும் ஒரு கல்லைச் சுத்தம் செய்து முட்டை ஒட்டும். மாறி மாறிச் செட்டையால் விசிறும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியபின் கண்ணாடிக்கு அருகே உட்கார்ந்து பாருங்கள். பெற்றோரின் மஞ்சள் உடம்பில் வயிற்றுச் செட்டை கறுப்பு. அதை வெடுக்கென்று விரித்து மூடினால் சிதறிய குஞ்சுகள் அருகே கூடும். பிறகு ஒவ்வொன்றாக வந்து பெற்றோரின் விலாவை உரசி, தோலில் சுரக்கும் வழுவழுப்பைத் தின்னும். இந்தியச் சிக்லிட்களில் இன்னொன்றான கரிமீனோடு வாழும் இடங்களில் இதே மீன் அதன் உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்பதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் கரிமீன் சாதாரணமாகவே 20 சென்டிமீட்டர் வளரும். இரண்டடித் தொட்டியில் அதற்கு இடமில்லை.

ஐந்தாறு இளம் மீன்களாக வாங்குங்கள். ஜோடி தானாக அமையட்டும். அமைந்ததும் மற்றவற்றை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் துரத்தியே கொன்றுவிடும். ஸ்பான்ஜ் பில்டர் போட்டால் குஞ்சுகள் உறிஞ்சப்படாது. வளர்க்க முடியாமல் போகும் அயல்நாட்டு மீனை மட்டும் காவிரியிலோ குளத்திலோ விடாதீர்கள். ஜிலேபி நம் குளங்களை நிறைத்ததும் மனிதர்கள் கொண்டுவந்து விட்டதால்தான்.