முக்கிய ஆவணங்களுக்கு நகல்: ஜிப் செய்வதா, அப்படியே வைப்பதா?

லெம்பா பெர்த்தாம் – 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் தேதி அதிகாலை. கனமழையைத் தொடர்ந்து ரிங்லெட் சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் ஆறு கரையை மீறிப் பாய்ந்தது. உயிர்கள் பலியாயின, வீடுகளும் வாகனங்களும் சேற்றில் மூழ்கின. இப்படிப்பட்ட நேரத்தில் யாரும் அலமாரியைத் திறந்து பிறப்புப் பத்திரத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இப்போது பல குடும்பங்கள் பத்திரங்களையும் பழைய படங்களையும் ஸ்கேன் செய்து கணினியில் வைத்திருக்கின்றன. கோயில், சங்கக் கணக்குகளும் கணினிக்கு வந்துவிட்டன. அவற்றுக்கு நகல் எடுக்கும்போது எழும் கேள்வி: ஜிப் கோப்பாகச் சுருக்கி வைப்பதா, அப்படியே வைப்பதா?

ஜிப் செய்தால் படத்தின் தரம் குறையும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. அது தவறு. கோப்பில் திரும்பத் திரும்ப வரும் பகுதியை ஒருமுறை மட்டும் முழுமையாக எழுதி, மற்ற இடங்களில் குறிப்பு மட்டும் வைப்பதே ஜிப்பின் வேலை. பிரித்தால் ஓர் எழுத்துகூட மாறாமல் பழைய கோப்பு கிடைக்கும். உறுப்பினர் பட்டியல், கணக்கு ஆகியவற்றில் ஒரே சொற்கள் மீண்டும் மீண்டும் வருவதால், எளிய எழுத்துக் கோப்புகள் நன்றாகச் சுருங்கும்.

ஆனால் கைப்பேசியில் எடுத்த ஜேபெக் படங்கள், எம்பி3 பாடல்கள், காணொளிகள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அமுக்கிக் கட்டிய தேயிலை மூட்டையை மீண்டும் அமுக்குவது போலத்தான். ஜிப் செய்தாலும் இடம் மிச்சமாகாது.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. தனித்தனியாக வைத்த 500 படங்களில் ஒன்று கெட்டால் ஒன்றுதான் போகும். ஜிப் கோப்பின் உள்ளடக்கப் பட்டியல் அதன் கடைசியில் இருக்கிறது. நகல் எடுக்கும்போது பென்டிரைவைப் பாதியில் பிடுங்கினால், மொத்தக் கோப்பும் திறக்காமல் போகலாம். கடவுச்சொல் போட்டு மறந்துவிட்டால் நிலைமை இன்னும் சிக்கல். பழைய மென்பொருளில் தமிழில் வைத்த கோப்புப் பெயர்கள் சிதைந்தும் தெரியலாம்.

ஜிப்புக்கும் பயன் உண்டு. நூறு கோப்புகளை ஒன்றாகக் கட்டி மின்னஞ்சலில் அனுப்பலாம். உள்ளே உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பு எண் இருப்பதால், கெட்டுப்போனதைச் சோதித்து அறியவும் முடியும். ஆகவே படங்களையும் ஸ்கேன் செய்த பத்திரங்களையும் அப்படியே வையுங்கள். கணக்கு, கடிதக் கோப்புகளை மாதந்தோறும் ஜிப் செய்து தேதியிட்டு வைக்கலாம்.

உண்மையில் தரத்தைக் குறைப்பது வேறு வகைச் சுருக்கம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும். இழந்த நுணுக்கம் திரும்பாது. பத்திரத்தை 'டாக்குமென்ட்' என்ற தேர்வில் அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். கூகள் போட்டோஸிலும் அசல் தரத்தில் சேமிக்கும் தேர்வையே எடுங்கள்.

எந்த முறையில் வைத்தாலும், கணினியும் பென்டிரைவும் ஒரே வீட்டில் இருந்தால் ஒரே வெள்ளத்தில் இரண்டும் போகும். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வெளியிடத்தில் என்பது கணினித் துறையினர் சொல்லும் விதி. ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ வேலை செய்யும் பிள்ளையிடம் ஒரு நகலைக் கொடுத்து வைக்கலாம்.

ஸ்கேன் நகல் அசல் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனால் பத்திரம் சேற்றில் போன பிறகு தேசியப் பதிவிலாகாவில் மாற்றுப் பத்திரம் கேட்கும்போது, எண்ணும் தேதியும் கையில் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது நகலைத் திறந்து பாருங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் அதைச் செய்வது நல்லது.