உமி காத்த உருக்கு

வீண் உழைப்புக்கு உவமை தேடும்போது உமி குற்றிக் கை நொந்தவனையே நம்மவர் எடுத்துக் காட்டுவர். பல் துலக்கும் கரியாகுமளவன்றி உமிக்கு மதிப்பளித்தவர் சிலரே. ஆயின், தென்னாட்டிலும் ஈழத்திலும் வார்க்கப்பெற்ற புகழ்மிகு உருக்கு அவ்வுமியின் துணைகொண்டே உருவாயிற்று.

உலோகம் உருக்கும் மட்கலத்தை மூசை என்பர். குகை எனவும் அதற்கொரு பெயருண்டு. நம் செட்டியார் தெருப் பொற்கொல்லர்க்கு இது புதிதன்று. பொன் 1,064 பாகை வெப்பத்தில் உருகிவிடும். உருக்கை நீராக்கவோ 1,400 பாகையளவு வெம்மை வேண்டும். அவ்வெம்மையில் சாதாரணக் களிமண் இளகிச் சாயும், அன்றேல் வெடிக்கும்.

பழைய கொல்லர் களிமண்ணோடு உமியை மிகுதியாகப் பிசைந்து மூசை வனைந்தனர். சூட்டில் உமி கரிய, அஃது இருந்த இடம் நுண்துளையாகும். உமிக்கு இயல்பாயுள்ள சிலிக்காக் கூடும் கரியும் எஞ்சும். ஓரிடத்தில் எழும் வெடிப்பு நெடிது ஓடாமல் அடுத்த துளையிலே தங்கிவிடும். கரியோ உட்புகும் ஒட்சிசனைத் தான் ஏற்று இரும்பைக் காக்கும். துளையுள்ள கலம் ஒழுகாதோ எனின், ஒழுகாது. உருகிய இரும்பு தன் பரப்பிழுவிசையால் திரண்டு நிற்குமேயன்றி அந்நுண்துளைகளுட் புகுவதில்லை. சூளைகளுக்குரிய இலேசான தீக்கற்களை இக்காலத்தும் மண்ணோடு மரத்தூள் முதலியன கலந்து சுட்டே ஆக்குகின்றனர்.

சேலத்து முறையைப் பரங்கிப்பேட்டை இரும்பாலையை நிறுவிய ஹீத் என்னும் ஆங்கிலேயர் எழுத, அது 1839இல் வெளிவந்தது. இரும்புத் துண்டுகளோடு ஆவரைச் சுள்ளியும் எருக்கிலையும் இட்டு, வாயை மண்ணால் அடைத்து, இருபது இருபத்துநான்கு மூசைகளை உலையில் அடுக்கி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதினராம். சுள்ளியும் இலையும் இரும்புக்குக் காபன் ஊட்டின.

ஈழத்து மூசை நீண்ட குழாய் வடிவினது. இத்தொழில் அருகிப்போன காலத்தில், பலாங்கொடைப் பகுதியில் அதனை அறிந்திருந்தோரைக் கொண்டு செய்வித்து நேரிற் கண்டவர், கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. 1908இல் வெளியிட்ட தம் பெருநூலில் அதனைப் பதிந்து வைத்தார். நடராச வடிவத்தின் தத்துவத்தை விரித்துரைத்தவராக அவரைப் போற்றும் நம் இலக்கியக் கூட்டங்கள், கனிப்பொருளாய்வுத் தலைவராயிருந்த குமாரசுவாமியை நினைப்பதேயில்லை. இது பெருங்குறை என்பேன். மூசை வனைந்தோர் தம் கைமுறையை ஏட்டில் எழுதிவைத்தாரல்லர். உடைந்த ஓடுகளிலோ உமி பதிந்த தடம் இன்றும் வெறுங்கண்ணுக்குத் தெரிகின்றது.