கயிறு கட்டியிருக்கட்டும், மருத்துவரிடமும் காட்டட்டும்

இண்டூர் போன்ற ஊர்ப் பள்ளியில் ஒரு மாணவன் பேச்சை நிறுத்திவிட்டால், வீட்டார் முதலில் மந்திரித்த கயிறு கட்டுவார்கள், அடுத்துக் கோயில். மூடநம்பிக்கை என்று நாம் முகம் சுளிக்கிறோம். அவசரப்பட வேண்டாம்.

திண்டுக்கல் மாவட்டம் வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி கோயில் உண்டு. மனநோயாளிகள் உறவினர் ஒருவருடன் வந்து தங்குவார்கள். காலையில் வழிபாடு, பிறகு பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. தனிச் சடங்கு எதுவுமில்லை. அங்கே தங்கிய 31 பேரைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்து 2002இல் முடிவை வெளியிட்டனர். சராசரியாக ஆறு வாரத்தில் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. அச்சுறுத்தாத, அரவணைக்கும் சூழலே காரணம் என்றனர். (ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அந்த ஆய்வில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

எல்லா இடமும் அப்படியல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

எனவே கயிற்றை அவிழ்க்கச் சொல்லிப் பெற்றோரிடம் வாதாட வேண்டாம். "கோயிலுக்கும் போங்கம்மா, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஒரு தடவை காட்டிடுங்க" என்று சொல்லலாம். போகத் தயங்குவோருக்கு 14416 என்ற எண்ணைக் கொடுங்கள். அது டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.