மீட்டரை நம்பி ஜீப் வாங்கலாமா?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும், வரிச்சுமையால் புதிய ஜீப் நடுத்தர வியாபாரிக்கு எட்டாக்கனியே. அதனால் பலரும் பழைய டீசல் ஜீப்களை நாடுகின்றனர். மீட்டரில் 90,000 என்றிருந்தால் உடனே முற்பணம் கொடுக்கின்றனர். மூன்று இலட்சம் என்றால் ஒதுங்கிவிடுகின்றனர். இரண்டும் தவறு. மீட்டரைப் பின்னோக்கித் திருப்புவது பெரிய வித்தையல்ல.

ஒழுங்காக ஒயில் மாற்றிய டீசல் எஞ்சின் மூன்று இலட்சம் கிலோமீற்றரையும் தாண்டி ஓடும். அதைக் கெடுப்பது பெரும்பாலும் சூடும் அலட்சியமுமே. உதாரணமாக, பழைய பஜேரோவின் 2.5 லீற்றர் 4டி56 எஞ்சினில் புளொக் இரும்பு, சிலிண்டர் ஹெட் அலுமினியம். தண்ணீர் குறைந்து அதிகம் சூடேறினால் ஹெட் வெடிக்கும். டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். 2.8 லீற்றர் 4எம்40 எஞ்சினுக்குப் பெல்ட் இல்லை, செயின்தான். ஆனால் சூடு அதற்கும் பகையே.

வாங்குமுன் இவற்றைக் கவனியுங்கள்:

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகியுங்கள்.

குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீரில் ஒயில் மிதந்தால் வேண்டாம்.

நீல நிறப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது என்று பொருள்.

கடுகண்ணாவை போன்றதோர் ஏற்றத்தில் ஓட்டி, வெப்பமானி உயர்கிறதா எனப் பாருங்கள்.

பெல்ட் மாற்றிய பற்றுச்சீட்டு இல்லையெனில், மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். வாங்கியதும் முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

நல்லதொரு மெக்கானிக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபா, பல இலட்சம் ரூபா முதலைக் காப்பாற்றும். விற்பவரும் குறையை மறைக்காது சொன்னால் இரு தரப்புக்கும் நிம்மதி.