எரியாத பிரேக் லைட்

விடிவதற்கு முன்பே மனைவியை மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் இறக்கிவிடுவது என் அன்றாட வேலை. 2001 பிப்ரவரி 28ல் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு கோலார் தங்கவயலின் பிழைப்பு பெங்களூர் ரயிலில்தான் ஓடுகிறது. எங்கள் ஆண்டர்சன்பேட்டையில் எந்தத் தெருவில் கேட்டாலும் வீட்டுக்கு ஒருவர் அந்த ரயிலில் போய் வருகிறவர். அது யாருக்காகவும் நிற்காது.

அன்று காரை ஸ்டார்ட் செய்தேன். பிரேக்கை மிதித்து, லீவரை ‘டி’க்குத் தள்ளினேன். மீட்டரில் ‘என்’ என்ற எழுத்து விட்டு விட்டு மின்னியது, பீப் சத்தம் வந்தது, வண்டி அசையவில்லை. சாவியைத் திருப்பி அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தேன். எதுவுமே நடக்காததுபோல் கிளம்பியது. அடுத்த நான்கு நாள் ஒரு தொந்தரவும் இல்லை. ஐந்தாம் நாள் மறுபடியும் அதே கதை.

எங்களுடையது ஏஎம்டி வகை. பெயர்தான் ஆட்டோமேட்டிக், உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ். இடது காலும் இடது கையும் செய்துவந்த வேலையை ஓர் ஆக்சுவேட்டரும் சின்னக் கம்ப்யூட்டரும் செய்கின்றன. 2014ல் மாருதி செலேரியோவில் வந்த பிறகுதான் இந்த வசதி நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டியது. பிறகு பல கம்பெனிகளும் கொண்டுவந்தன. கிளச் மிதித்து மிதித்து முழங்கால் நொந்தவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் மக்கர் பண்ணும்போது எங்கே தொடங்குவது என்று யாருக்கும் தெரிவதில்லை.

பெங்களூரில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்கள். கோளாறு கோடு ஒன்றுகூடப் பதிவாகவில்லை. வண்டியும் அங்கே ஒழுங்காகவே ஓடியது. இருந்தும், ஆக்சுவேட்டரை மாற்றிவிடலாம் என்று ஐந்து இலக்கத்தில் எஸ்டிமேட் கொடுத்தார்கள். எனக்கு அதில்தான் மனம் ஒப்பவில்லை. என்ன கோளாறு என்று தெரியாமலே எதற்காக ஒரு பாகத்தை மாற்ற வேண்டும்?

எதிர் வீட்டுப் பெரியப்பா பெமல் நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1964ல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் புல்டோசர்கள் இந்த ஊரில்தான் உருவாகின்றன. பெரிய புல்டோசர்களில் டார்க் கன்வெர்ட்டரும் பவர் ஷிஃப்ட் கியர் பாக்ஸும் இருக்கும். காரில் ஆட்டோமேட்டிக் என்றால் என்னவென்று நாம் கேள்விப்படும் முன்பே அதைக் கையால் பூட்டியவர்கள் எங்கள் தெருக்காரர்கள். அவரிடம் சொன்னேன்.

“இன்னாப்பா, அது இருக்கச் சொல்ல பாக்கணும். போனப்புறம் பாத்தா இன்னா தெரியும்? ஒரு நோட்டு வாங்கி எழுது. எப்ப வந்துச்சு, சூடா இருந்துச்சா, மழையா, நீ அப்ப இன்னா பண்ணே, எல்லாம் எழுது. அதுவரைக்கும் ஒரு நட்டைத் தொடாதே.”

விட்டு விட்டு வரும் கோளாறுக்கு இதைவிடச் சரியான வைத்தியம் எனக்குத் தெரியாது. அப்படிப்பட்ட கோளாறு பெரும்பாலும் மூன்று வழியில் வரும்: சூடு, அதிர்வு, ஈரம். எஞ்சின் சூடேறி இருபது நிமிடம் கழித்து வந்தால் சென்சாரையோ சாலினாய்டையோ சந்தேகிக்கலாம். பள்ளத்தில் இறங்கும்போது வந்தால் ஒயரையும் கனெக்டரையும். மழை நாளில் மட்டும் வந்தால் தண்ணீர் புகுந்த இடத்தை. இது எதையும் கேட்காமல் பாகம் மாற்றுவது இருட்டில் கல் எறிவது.

காத்திருப்பது எங்கள் ஊருக்குப் பழக்கமான வேலை. 1965ல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்குக் கீழே 2 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், மும்பை டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தவரும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் விஞ்ஞானிகளும் கருவிகளை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்தவர்களில் அவர்களும் உண்டு. மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய பதிவுகள். எப்போது வரும் என்று தெரியாத ஒன்றைப் பிடிக்க, அது வரும்போது கருவி தயாராக இருக்க வேண்டும். என் கருவி ஒரு நாற்பது பக்க நோட்டு.

மூன்று வாரத்தில் பதினொரு முறை வந்தது. எழுதியதைப் படித்தபோது என் சந்தேகங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. சூட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மழைக்கும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு தடவைகூட வரவில்லை, கியரும் நழுவவில்லை. நின்ற இடத்தில், ‘என்’னிலிருந்து ‘டி’க்குப் போகும்போது மட்டும் வந்தது. அது தவிர, இரண்டு தடவை ஸ்டார்ட்டே ஆகவில்லை. கடைசியாக ஒரு வரி: “பிரேக்கை விட்டு மறுபடி அழுத்தி மிதித்தேன், எடுத்துக்கொண்டது.” இந்த வரியை ஐந்து இடத்தில் எழுதியிருந்தேன்.

இந்த வண்டியில் ஸ்டார்ட் ஆவதற்கும் கியர் விழுவதற்கும் பொதுவானது ஒன்றே ஒன்று. பிரேக் மிதித்திருக்கிறோம் என்ற செய்தி கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும்.

பின்னால் மகளை நிறுத்தினேன். நான் மிதிக்க மிதிக்க அவள் “எரியுது, எரியுது” என்றாள். ஒன்பதாவது மிதிக்கு, “அப்பா, எரியலை” என்றாள். அதே நொடியில் லீவரைத் தள்ளினேன். ‘என்’ மின்னியது.

ஸ்கேனரில் ஏன் எதுவும் இல்லை என்பதும் அப்போது விளங்கியது. ஸ்விட்ச் செய்தி அனுப்பாவிட்டால், ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கவில்லை என்றுதான் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். அதன் கணக்கில் கோளாறே இல்லை; பிறகு கோடு எப்படி வரும்? சில வண்டிகளில் இந்த ஸ்விட்சுக்குள் இரண்டு தொடர்புகள் இருக்கும். இரண்டும் முரண்பட்டால் பி0504 என்ற கோடு வரும். அங்கே லைட் எரிந்தாலும் இன்னொரு தொடர்பு செத்திருக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பிரேக் பெடலுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில், கட்டைவிரல் பருமனில் இருந்தது அந்த ஸ்விட்ச். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கனெக்டரைக் கழற்றினேன். கால் பகுதி திருப்பினால் கையோடு வந்துவிடுகிறது. முனையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குச்சி. பெடல் மேலே இருக்கும்போது அது உள்ளே அழுந்தித் தொடர்பைத் துண்டிக்கும். மிதித்தால் குச்சி வெளியே வந்து தொடர்பைச் சேர்க்கும். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, குச்சியை இருபது முறை அழுத்தி விட்டேன். மூன்று முறை பீப் வரவில்லை. ஓம் நிலையில் வைத்துப் பார்த்தபோது எண் ஒரே இடத்தில் நிற்காமல் தாவியது. உள்ளே கரி பிடித்த தொடர்பு. புதிய ஸ்விட்ச் சில நூறு ரூபாய்தான். பெடலுக்கும் ஸ்விட்சுக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி கையேட்டில் இருக்கும். அதைப் பார்த்துப் பூட்டினால் போதும்.

எல்லோருக்கும் இதே ஸ்விட்சாக இருக்காது. ஆனால் மலிவானதிலிருந்து தொடங்குவது எந்த வண்டிக்கும் பொருந்தும். முதலில் பாட்டரி: ஓய்வில் 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14. பிறகு எர்த் ஒயர். பாட்டரி நெகட்டிவுக்கும் கியர் பாக்ஸ் உடலுக்கும் இடையே மீட்டரை வைத்து, சுமை ஏறும்போது பார்க்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ துரு பிடித்திருக்கிறது. வெறும் கண்ணுக்கு அந்த ஒயர் நன்றாகவே தெரியும். டார்க் கன்வெர்ட்டர் வகையாக இருந்தால் ஆயிலின் நிறத்தையும் வாசனையையும் கவனியுங்கள். பழுப்பேறித் தீய்ந்த நாற்றம் அடித்தால் உள்ளே கிளச் தகடு தேய்கிறது, அது வீட்டு வேலை அல்ல. பி0705 வந்தால் லீவர் நிலையைச் சொல்லும் ஸ்விட்ச் பக்கம், பி0715, பி0720 என்றால் வேக சென்சார் பக்கம். அந்தக் கோடுகூட எந்தச் சுற்றில் சிக்கல் என்றுதான் சொல்லும், எந்தப் பாகம் என்று சொல்லாது. ஓட்டிப் பார்க்காமல் ஒயரை மட்டும் அசைத்து, வேறொருவரை ஸ்கேனர் திரையைப் பார்க்கச் சொன்னால் பல லூஸ் கனெக்‌ஷன்கள் பிடிபட்டுவிடும்.

தொடக்கூடாதவையும் உண்டு. ஹைட்ராலிக் வகை ஏஎம்டியில் டயர் காற்றைவிடப் பத்து மடங்குக்கும் அதிகமான அழுத்தத்தில் ஆயிலைத் தேக்கிவைக்கும் உருளை இருக்கிறது. அதன் குழாயை வீட்டில் அவிழ்க்காதீர்கள். மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்குக்கு உரியது, அதையும் விட்டுவிடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள்; ஸ்டாண்டு வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை வேண்டும்.

ஸ்விட்ச் மாற்றி எட்டு மாதமாகிறது. ‘என்’ ஒரு தடவைகூட மின்னவில்லை. ரயிலையும் தவறவிடவில்லை. ஆனால் எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. அந்த மூன்று வாரமும், அதற்கு முன்பும், நான் பிரேக் போட்ட எத்தனையோ தடவை பின்னால் லைட் எரியாமலே இருந்திருக்கும். பங்காருப்பேட்டை ரோட்டில் இருட்டில் எனக்குப் பின்னால் பைக்கில் வந்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

இன்று இரவு வண்டியின் பின்புறம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே பிரேக்கை இருபது முறை மிதியுங்கள். இருபது முறையும் சுவர் சிவக்க வேண்டும்.