மண்ணுக்கடியில் கசியும் எண்ணெயும் நம் குடிநீரும்

நேயர்களே, சென்ற வாரம் கிணற்று நீரில் சேரும் கிருமிகளைப் பற்றிப் பேசினோம். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும் என்றோம். இன்று நாம் பேசப்போவது கொதிக்க வைத்தாலும் தீராத ஒரு கேட்டைப் பற்றி. நிலத்துக்குள் புதைத்த எண்ணெய்த் தொட்டி கசிந்து ஊற்று நீரில் கலந்துவிட்டால், அதை எப்படிக் கண்டறிவது?

இன்று பெரும்பாலான தோட்டங்களுக்குக் குழாய் நீர் வந்துவிட்டது. ஆனாலும் குழாய் வறண்ட நாளில் லயத்துக்குப் பின்னால் உள்ள பழைய கிணற்றைத்தானே தேடிப் போகிறோம்? ஆகவே இது நமக்கும் உரிய செய்திதான்.

பெட்ரோல் நிலையங்களிலும் லோரிகள் நிற்கும் பட்டறைகளிலும் எண்ணெயைப் பெரும்பாலும் மண்ணுக்கடியில் தொட்டி கட்டித்தான் வைக்கிறார்கள். பழைய தொட்டிகள் வெறும் இரும்பு. ஈர மண்ணில் இரும்பு துருப்பிடிக்கும். குழாய் இணைப்புகளும் தளரும். நொடிக்கு ஒரு சொட்டு கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் நான்கு லிட்டருக்கு மேல் போய்விடும்; ஓராண்டில் ஏறக்குறைய 1,500 லிட்டர். மேலே நடப்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அமெரிக்காவில் மட்டும் இப்படிக் கசிந்த இடங்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள்.

கசிந்த எண்ணெய் மண் துகள்களுக்கு இடையே ஒட்டிக்கொண்டே கீழே இறங்குகிறது. நீர்மட்டத்தை அடைந்ததும், ரசத்தின் மேல் தாளிப்பு எண்ணெய் மிதப்பதுபோல் மிதந்து பரவுகிறது. மிதப்பதை மட்டும் வடித்து எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். ரசத்தில் மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் எடுத்துவிட்டாலும் பெருங்காய வாசனை போகிறதா? அதுபோல எண்ணெயில் உள்ள சில பொருள்கள் நீரில் கரைந்து, நீர் ஓடும் பக்கமெல்லாம் கூடவே ஓடுகின்றன. அவற்றுள் கொடியது பென்சீன். பெட்ரோலில் உள்ள இப்பொருள் புற்றுநோய் உண்டாக்குவது. ஒரு லிட்டர் குடிநீரில் இது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கலாகாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அவ்வளவு சிறிய அளவை நம் மூக்கு உணராது. வாடை இருந்தால் நீர் கெட்டது என்று கொள்ளலாம். வாடை இல்லை என்பதால் நல்லது என்று சொல்லிவிட முடியாது. இத்தகைய நீரைக் கொதிக்க வைத்தாலோ, ஆவியாகும் நஞ்சு அடுப்படியில் நிற்பவர் மூச்சில்தான் போய்ச் சேரும்.

சரி, எப்படிக் கண்காணிக்கிறார்கள்? முதல் கண்காணிப்பு மண்ணுக்கு மேலேயே நடக்கிறது. தொட்டிக்குள் அளவுகோலை விட்டு எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, வந்ததையும் விற்றதையும் புத்தகத்தில் எழுதி ஒப்பிடுவார்கள். கணக்கு மாதாமாதம் உதைத்தால் கசிவு இருக்கிறதா என்று தேடவேண்டும். கிராணியின் அந்தப் புத்தகம் எத்தனை முக்கியம் என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

அடுத்தது கண்காணிப்புக் கிணறு. இது குடிநீர்க் கிணறு அன்று. நான்கு விரல் அகலமே இருக்கும் துளையை இட்டு, மெல்லிய வெட்டுகள் உள்ள பிளாஸ்டிக் குழாயை இறக்குவார்கள். அந்த வெட்டுகள் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் இருக்கவேண்டும். முழுவதும் நீருக்குள் மூழ்கியிருந்தால் மேலே மிதக்கும் எண்ணெய் குழாய்க்குள் வராது. குழாயைச் சுற்றி மணல் இட்டு, அதன்மேல் ஈரம் பட்டால் ஊதும் ஒருவகைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். இல்லையென்றால் மேலிருந்து வடியும் மழைநீர் உள்ளே போய்ச் சோதனையைக் கெடுத்துவிடும்.

ஒரு கிணறு போதாது. நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அறியவே குறைந்தது மூன்று வேண்டும். மூன்றிலும் நீர்மட்டத்தை அளந்தால் சரிவு தெரிந்துவிடும். பிறகு தொட்டிக்கு மேற்புறத்தில் ஒன்று, கீழ்ப்புறத்தில் சில என்று அமைப்பார்கள். சோதனைக்கு எடுக்கும் நீரைச் சிறு கண்ணாடிப் புட்டியில் ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி, பனிக்கட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். புட்டியில் காற்று இருந்தால் பென்சீன் அதில் ஏறிவிடும். நீர் சுத்தம் என்று பொய்யான முடிவு வரும்.

ஒருமுறை பார்த்துவிட்டு ஓய்ந்துவிடவும் கூடாது. மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும்போது எண்ணெய் மண்ணிடுக்கில் சிக்கிக்கொண்டு கிணற்றில் காணாமல் போகும். வெயில் காலத்தில் மட்டம் இறங்கினால் மீண்டும் தலைகாட்டும். அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று ஆண்டுக்கணக்கில் பார்க்கிறார்கள்.

ஹவாய்த் தீவுகளில் நடந்ததைக் கேளுங்கள். ஹொனலுலு நகருக்கு அருகில் ரெட் ஹில் என்னும் குன்றுக்குள் அமெரிக்கக் கடற்படை 1940 முதல் 1943 வரை 20 எண்ணெய்த் தொட்டிகளைக் கட்டியது. ஒவ்வொன்றும் 250 அடி உயரம். அவற்றுக்கு ஏறத்தாழ 100 அடி கீழே மக்கள் குடிக்கும் நிலத்தடி நீர். 2014இல் ஒரு தொட்டியிலிருந்து 27,000 கேலன் கசிந்தது. 2021 மே மாதம் ஒரு குழாய் உடைந்து ஏறத்தாழ 20,000 கேலன் எண்ணெய், தீயணைப்புக்கான வடிகுழாய் ஒன்றினுள் போய்த் தங்கிவிட்டது. குறைந்த எண்ணெய் எங்கே போயிற்று என்பதை அப்போது யாரும் முழுமையாகத் தேடவில்லை. கணக்குப் புத்தகத்தின் அருமை இங்கேதான் தெரிகிறது. நவம்பர் 20ஆம் தேதி சுரங்கத்துக்குள் ஓடிய ஒரு சிறு வண்டி அந்தக் குழாயில் மோத, எண்ணெய் கொட்டியது. குடிநீர் இறைக்கும் சுரங்கம் பக்கத்திலேயே இருந்தது.

அங்கே கண்காணிப்புக் கிணறுகள் பல இருந்தன. ஆயினும் ஊருக்கு முதலில் அறிவித்தது அவையல்ல. குழாயைத் திறந்த தாய்மார்கள் எண்ணெய் வாடை வீசுகிறது என்றார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றுவலி, தோல் அரிப்பு என்றார்கள். நீர் கெட்டதற்கு அறிகுறி இல்லை என்றுதான் முதலில் பதில் வந்தது. பிறகு சோதனை அவர்கள் சொன்னதையே உறுதிப்படுத்தியது. அந்த நீரை நம்பியிருந்தவர்கள் ஏறத்தாழ 93,000 பேர். பல ஆயிரம் குடும்பங்கள் வீட்டைவிட்டு விடுதிகளில் தங்கின. 2022 மார்ச்சில் அந்தத் தொட்டிகளை மூட உத்தரவாயிற்று.

நம் கிணற்றில் இத்தகைய வாடை வந்தாலோ, நீரின்மேல் வானவில்போல் பளபளப்பு மிதந்தாலோ, குடிக்கவும் சமைக்கவும் பிள்ளைகளைக் குளிப்பாட்டவும் அதை எடுக்கலாகாது. கிணற்றுப் பக்கம் தீயைக் கொண்டுபோகக் கூடாது. மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் சுற்றுச்சூழல் துறைக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வாடை முதலில் வந்த தேதி, அன்று மழையா வெயிலா, கிணற்றிலிருந்து எண்ணெய்த் தொட்டி எந்தத் திசையில் எத்தனை அடி தூரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். துளையிட வருபவர்கள் முதலில் கேட்பது இவற்றைத்தான்.